உதவி: ‘வெய்வ்’ என்றால் உரிமையை எழுதிக் கொடுப்பதா? பரிந்துரைக் கடிதப் படிவத்தில் சந்தேகம்

மலர்விழி:
தம்பி அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கிறான். பரிந்துரைக் கடிதப் பகுதியில் ‘கடிதத்தைப் பார்க்கும் உரிமையை வெய்வ் செய்கிறேன்’ என்று ஒரு வரி, கீழே ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. அகராதியில் ‘விட்டுக்கொடு, துற’ என்று போட்டிருக்கிறது. அதைக் கேட்டதும் அப்பா, “எந்த உரிமையையும் எழுதிக் கொடுக்காதே” என்று சொல்லிவிட்டார். ஆனால் அதே விண்ணப்பத்தில் ‘ஃபீ வெய்வர்’ என்றால் கட்டணம் கட்ட வேண்டாம் என்று பொருள். ஒரே சொல் ஓரிடத்தில் லாபமாகவும் இன்னோரிடத்தில் நஷ்டமாகவும் எப்படி வருகிறது? கையசைக்கும் ‘வேவ்’ உடன் ஏதாவது தொடர்பு உண்டா? நாளை இரவுக்குள் அனுப்ப வேண்டும்.

கதிர்:
உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே மனமறிந்து அதை விடுவதுதான் வெய்வ். கட்டணம் கேட்கும் உரிமை பல்கலைக்கழகத்துடையது, அதை அவர்கள் விடுகிறார்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமை தம்பியுடையது, அதை அவர் விடுகிறார். தப்பு செய்து உரிமையை இழந்தால் அதற்கு ‘ஃபோர்ஃபிட்’ என்று வேறு சொல் இருக்கிறது.

பாக்கியம்:
உச்சரிப்பு ஒன்றுதான், ஆனால் கையசைக்கும் ‘வேவ்’ பழைய ஆங்கிலச் சொல். நடுவில் ‘ஐ’ (i) எழுத்தோடு வரும் இந்த ‘வெய்வ்’, பிரான்சிலிருந்து நார்மானியர் வந்த பிறகு இங்கிலாந்து நீதிமன்றங்களில் புழங்கிய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே இதற்குக் ‘கைவிடு’ என்று பொருள். ஆதரவற்ற குழந்தையைக் குறிக்கும் ‘வெய்ஃப்’ இதன் உடன்பிறப்பு. அதுவும் முதலில் சொந்தக்காரர் இல்லாத பொருளைத்தான் குறித்தது.

திருடன் பிடிபடப் பயந்து வழியில் வீசிவிட்டு ஓடிய பொருளும் ‘வெய்வ்’ ஆன பொருள்தான். அது மன்னருக்குப் போய்விடும். பறிகொடுத்தவர் உடனே விரட்டிப் போயிருந்தால் திரும்பக் கிடைக்கும். சும்மா இருந்தவருக்கு அது தண்டனை என்கிறார் 18ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன்.

பெண்களின் கதை இன்னும் கொடுமை. அந்தக் காலத்தில் 12 வயதான ஆண்களைச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் வாங்கிச் சேர்ப்பார்கள். குற்றம் செய்து தலைமறைவானவனை ‘சட்டத்துக்கு வெளியே’ தள்ளுவார்கள். பெண்ணைத்தான் உள்ளேயே சேர்க்கவில்லையே, எப்படி வெளியே தள்ளுவது? அதனால் அவளை ‘வெய்வ்’ செய்யப்பட்டவள் என்றார்கள். சட்டத்தின் பாதுகாப்பு மட்டும் அவளுக்கும் போய்விடும். எப்போது படித்தாலும் மனம் கனக்கிறது. தன் உரிமையைத் தானே விடுவது என்ற பொருள் பிறகு வந்ததுதான்.

மலர்விழி:
ரொம்ப நன்றி இருவருக்கும். சரி, ‘இல்லை’ என்று போட்டால் சீட் போய்விடுமா?

கதிர்:
போகக் கூடாது. மாணவர் பதிவேடுகள் பற்றி அமெரிக்காவில் 1974இல் வந்த ‘ஃபெர்பா’ சட்டப்படி, இந்த உரிமையை விட்டால்தான் இடம் என்று எந்தப் பல்கலைக்கழகமும் நிபந்தனை போட முடியாது. இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள்: அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் கடிதத்தைப் பார்க்கும் உரிமையே வருகிறது. இடம் கிடைக்காத பல்கலைக்கழகத்தில் ‘இல்லை’ என்று போட்டிருந்தாலும் கேட்க வழியில்லை. ‘ஆம்’ போட்டாலும் யார் யார் எழுதினார்கள் என்ற பெயர்களைக் கேட்டு வாங்கலாம்.

என்னைக் கேட்டால் ‘ஆம்’ போடுவதே நல்லது. மாணவன் பார்க்காத கடிதம் என்றால் அங்கே அதை நம்பிப் படிப்பார்கள். ‘இல்லை’ போட்டால் சில பேராசிரியர்கள் எழுதவே தயங்குவார்கள். அப்படியும் ‘இல்லை’ என்று முடிவெடுத்தால், அனுப்பும் முன் கடிதம் தருபவர்களிடம் தம்பி ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும்.