மறு: நாடுகள் தங்கள் வாக்கை விளக்கிப் பேசும் உரைக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் explanation of vote எனப்படும் உரைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். எனக்கு மாற்றுக் கருத்து உள்ள இடங்களுக்கு மட்டும் கீழே பதில்.

> வாக்களிப்பு விளக்கம் என்றே வைக்கலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு எதுவோ புரியும். தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தை ஊருக்குள் கொண்டுவந்து, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டுகிறார்களே, அதைத்தான் தமிழ்நாட்டு வாசகர் நினைப்பார். நாம் பெயர் தேடுவது ஒரு நாட்டின் பிரதிநிதி தன் அரசின் வாக்கைப் பற்றி அவையில் பேசிப் பதிவு செய்வதற்கு.

ஐ.நா. பொதுச்சபையில் இதற்கென்றே நடைமுறை விதி 88 இருக்கிறது. தலைவர் அனுமதித்தால் வாக்கெடுப்புக்கு முன்போ பின்போ பேசலாம். இருக்கையில் இருந்தபடியே, அதிகபட்சம் 10 நிமிடம். இரகசிய வாக்கெடுப்பு என்றால் இந்த உரைக்கு இடமில்லை. தீர்மானத்தை முன்மொழிந்த நாடு தன் வாக்கை விளக்கவும் முடியாது. உன் தீர்மானத்துக்கு நீ ஏன் வாக்களித்தாய் என்பதில் விளக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான்.

> அப்படியானால் 'வாக்குக் காரணம்' அல்லது 'காரணவுரை'. ஏன் வாக்களித்தோம் என்பதுதானே சாரம்?

அக்கா, நானும் முதலில் இந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் இந்த உரைகளில் பாதி வேலை காரணம் சொல்வது அல்ல, பொருள் சொல்வது. 2012 மார்ச்சில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் வந்த இலங்கை பற்றிய தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதரவு 24, எதிர்ப்பு 15, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 8. இந்தியா ஆதரித்தது. தமிழ்நாட்டில் அந்த ஆதரவுதான் செய்தி. அதே இந்தியா தன் விளக்கத்தில், ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் எந்த உதவி செய்தாலும் இலங்கை அரசைக் கலந்து, அதன் இசைவோடுதான் செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்தது. இது ஆதரவுக்கான காரணம் அல்ல. ஆதரித்த தீர்மானத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று போட்ட எல்லை. 'இந்தத் தீர்மானம் எங்களுக்குப் புதிய சட்டக் கடமை எதையும் உருவாக்கவில்லை என்பது எங்கள் புரிதல்' என்று எத்தனையோ நாடுகள் பேசுவதும் இதே வகை. 'காரணம்' என்ற சொல்லுக்குள் இது அடங்காது.

2014இல் அதே பேரவையில் இலங்கை பற்றிய இன்னொரு தீர்மானத்துக்கு ஆதரவு 23, எதிர்ப்பு 12, ஒதுங்கியவை 12. இந்தியா இந்த முறை ஒதுங்கியது. விசாரிக்கவும் கண்காணிக்கவும் ஆணையர் அலுவலகத்திடம் பொறுப்பைக் கொடுப்பது ஒரு நாட்டின் இறையாண்மையில் தலையிடுவது என்றது அதன் விளக்கம். 2012இல் போட்ட எல்லையும் 2014இன் ஒதுங்கலும் ஒரே கோட்டில் வருவது உரைகளைப் படித்தால்தான் தெரியும். வாக்கை மட்டும் பார்த்தால் டெல்லி திடீரென்று மனம் மாறியதுபோல இருக்கும். ஈழத்தமிழர் வாழ்வோடு நேரடியாகத் தொடர்புள்ள இந்த ஆவணங்களுக்கு நம்மிடம் ஒரு பெயர்கூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆகவே என் பரிந்துரை: வாக்கு விளக்கவுரை.

உரை என்றால் பேச்சு, உரை என்றால் பொருள் சொல்வது. இரண்டும் இங்கே பொருந்துகின்றன. காரணம் சொன்னாலும், ஒரு பத்திக்கு வரம்பு கட்டினாலும் விளக்கவுரை அதைத் தாங்கும். இலக்கிய விளக்கவுரையோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். முன்னால் 'வாக்கு' நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. 'வாக்குரை' என்று சுருக்குவதை மட்டும் தவிர்ப்போம். அது வாக்குறுதி, வாக்குமூலம் பக்கம் இழுத்துவிடும்.

> சட்டமன்றத்தில் 'தன்னிலை விளக்கம்' இருக்கிறதே, அதையே எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. அவையில் தன்னைப் பற்றி ஒருவர் சொன்னதற்கு உறுப்பினர் கொடுக்கும் பதில் அது. ஐ.நா.வில் அதற்கு நெருக்கமானது பதிலுரை உரிமை. முதல் முறை 10 நிமிடம், இரண்டாம் முறை 5 நிமிடம். இரண்டையும் கலந்தால் மொழிபெயர்ப்பவர் திண்டாடுவார்.

அடுத்து, இதோடு ஒட்டிய ஒன்று. வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாக நிறைவேறும் தீர்மானங்களுக்கும் நாடுகள் இப்படிப் பேசுகின்றன. வாக்கு இல்லாத இடத்தில் வாக்கு விளக்கவுரை என்று சொல்ல முடியாது. அதற்கு நிலைப்பாட்டு விளக்கவுரை. ஒரு தீர்மானத்தை ஏற்றுக்கொண்டே 'நான்காம் பத்தியோடு எங்களுக்கு உடன்பாடில்லை' என்று தள்ளி நிற்பது பெரும்பாலும் இந்த உரையில்தான் நடக்கும்.

> வாக்களிக்காமல் ஒதுங்கிய நாட்டை நாங்கள் இங்கே 'நடுநிலை வகித்தது' என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'புறக்கணித்தது' என்கின்றன. எது சரி?

யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. 'புறக்கணித்தது' தவறு, அதை நாம் உறுதியாகச் சொல்ல வேண்டும். ஒதுங்குவதும் பதிவாகும் ஒரு தெரிவு. 2022 மார்ச் 2 அன்று உக்ரைன் பற்றிய பொதுச்சபைத் தீர்மானத்தில் ஆதரவு 141, எதிர்ப்பு 5, ஒதுங்கியவை 35. கூட்டினால் 181தான் வரும், உறுப்பு நாடுகளோ 193. மீதி 12 நாடுகள் எந்தத் தெரிவையும் பதிவு செய்யவில்லை. புறக்கணிப்பு என்ற சொல்லை யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இந்த 12இல்தான் தேட வேண்டும். அங்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆள் இல்லாமலும் போயிருக்கலாம்.

'நடுநிலை' என்பதும் முழுக்கச் சரியில்லை. அன்று இந்தியா ஒதுங்கியது. ஆனால் அதன் விளக்கவுரையில் உடனடிப் போர்நிறுத்தம் வேண்டும் என்ற பேச்சு இருந்தது, மாணவர்கள் உள்ளிட்ட இந்தியர்களுக்குப் பாதுகாப்பான வழி வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே மாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஒதுங்கும் நாட்டுக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 'நடுநிலை' என்று எழுதினால் அதை நாமே தீர்ப்பாகச் சொன்னதுபோல ஆகிவிடும். வாக்கு ஒதுங்கல் என்று வைப்போம், வினையாக 'வாக்களிக்காமல் ஒதுங்கியது'. பதிவே செய்யாத நாட்டுக்கு 'வாக்கெடுப்பில் பங்கேற்கவில்லை' போதும், தனிச்சொல் தேவையில்லை.

தீர்மானமா பிரேரணையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. தமிழ்நாடு, இலங்கை என இரு கரையிலும் இரண்டும் வேரூன்றிவிட்டன, அப்படியே இருக்கட்டும். நிறைவேறும் முன் உள்ள வடிவத்துக்கான வரைவு, நகல் இரண்டையும் அகராதிப் பதிவில் சேர்த்தே கொடுப்போம்.

இன்னும் முடிவாகாதது ஒன்று. தீர்மானத்தை முன்மொழிந்த நாடு தன் வாக்கை விளக்க முடியாவிட்டாலும் பொதுவாகப் பேச அனுமதி உண்டு. அந்தப் பேச்சுக்குப் 'பொது உரை' என்றால், ஆண்டுதோறும் செப்டம்பரில் தலைவர்கள் பேசும் பொது விவாதத்தோடு கலக்கிறது. 'பொதுக் கூற்று' என்று ஒருவர் சொன்னார், எனக்கு அது கொஞ்சம் வறட்சியாகத் தெரிகிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். மற்ற மூன்றையும் (வாக்கு விளக்கவுரை, நிலைப்பாட்டு விளக்கவுரை, வாக்கு ஒதுங்கல்) ஆட்சேபம் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.