பாக்கெட்டின் பின்பக்கம்: கார்போஹைட்ரேட், நார்ச்சத்து – உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரை, மதுரை

மருத்துவர் என் மனைவியிடம் "கார்போஹைட்ரேட்டைக் கணக்குப் பார்த்துச் சாப்பிடுங்கள்" என்று சொன்னதிலிருந்து எங்கள் சமையலறையில் ஒரு மூக்குக்கண்ணாடி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. முதலில் சிக்கியது கடையில் வாங்கும் தோசை மாவு. 100 கிராமில் கார்போஹைட்ரேட் 30 கிராம் என்று அச்சிட்டிருந்தார்கள். பச்சரிசியிலோ 78 கிராம். "பார்த்தீர்களா, அரிசியில் பாதிகூட இல்லை!" என்று கடைக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த மாவில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதை அவரிடம் யார் சொல்வது? கல்லில் ஊற்றியதும் தண்ணீர் ஆவியாகிறது. கார்போஹைட்ரேட் எங்கும் போவதில்லை. அதனால் இப்போது தோசையை எண்ணுவதை விட்டுவிட்டு, ஊற்றும் மாவை எடை போடுகிறோம். 80 கிராம் மாவு ஊற்றினால் 24 கிராம் கார்போஹைட்ரேட். எங்கள் வீட்டில் முறுகல் தோசையைவிட ஊத்தப்பம் ஆபத்தானது என்பது இப்படித்தான் தெரிந்தது.

ஒரு சந்தேகம். பல பாக்கெட்டுகளில் நார்ச்சத்து என்ற வரியே இல்லையே, ஏன்?

கொங்குக்காரி, ஈரோடு

ஐயா, போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை, அதனால்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகளில் ஆற்றல், புரதம், கார்போஹைட்ரேட், மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, கொழுப்பு வகைகள், கொலஸ்ட்ரால், சோடியம் ஆகியவைதான் கட்டாயப் பட்டியலில் இருக்கின்றன. "நார்ச்சத்து நிறைந்தது" என்று முன்பக்கத்தில் தம்பட்டம் அடித்தால் மட்டும் பின்பக்கத்தில் எண்ணைக் காட்டியாக வேண்டும். அப்படி அடிப்பதற்கு 100 கிராமில் 6 கிராம் நாராவது இருக்கவேண்டும். வெறுமனே "நார்ச்சத்து உள்ளது" என்று சொல்ல 3 கிராம் போதும்.

என் மாமியாருக்காக ஒரு ராகி பிஸ்கட் வாங்கினோம். முன்னால் அழகான கேழ்வரகுக் கதிர். பின்னால் சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மைதா, அடுத்தது சர்க்கரை, பிறகு பாமாயில். அதற்கும் பின்னால்தான் ராகி மாவு, அடைப்புக்குறிக்குள் 12 சதவீதம். எடை அதிகமுள்ளதை முதலில் எழுதவேண்டும் என்பது விதி என்று அத்தையிடம் விளக்கினேன். "அப்போ இது மைதா பிஸ்கட்டுன்னு சொல்லு" என்று டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டார். கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு 11 கிராம் நார் இருக்கிறது. இந்த பிஸ்கட்டில் நார் வரி இல்லவே இல்லை. அந்த 12 சதவீத ராகியிலிருந்து என்ன வந்துவிடும்? 1.3 கிராம்!

உறையூரான், திருச்சி

"சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்ற சத்துமாவு டப்பா ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. சேர்மானத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி). விதிப்படி அது சர்க்கரைக் கணக்கில் வராது. ரத்தத்துக்கு அந்த விதி தெரியாதே, குளுக்கோஸ் சரசரவென ஏறிவிடும். அது ஒளிந்திருப்பது மொத்தக் கார்போஹைட்ரேட் வரியில். சர்க்கரை வரியை மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்கவும்.

ஹரோ அக்கா, லண்டன்

தம்பிமாரே, தங்கைமாரே, இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் பெறாமகளின் குடும்பம் அமெரிக்காவிலிருந்து லண்டனுக்குக் குடிவந்தது. அவளின் மகனுக்கு முதல் வகை நீரிழிவு. ஒவ்வொரு வேளையும் கார்போஹைட்ரேட்டை எண்ணித்தான் இன்சுலின் போடவேண்டும். நார் ரத்தத்தில் சீனியாக ஏறாது என்பதால், அமெரிக்காவில் பழகியபடி மொத்தக் கார்போஹைட்ரேட்டில் இருந்து நாரைக் கழித்து எழுதிக்கொண்டு வந்தாள். இங்கே வந்த பிறகு, தவிட்டுப் பாண் சாப்பிட்ட காலைகளில் எல்லாம் பிள்ளைக்குச் சீனி ஏறி நின்றது. இன்சுலின் பழுதோ, கருவி பழுதோ என்று வீடே கலங்கிப்போனது.

கிளினிக்கில் நீரிழிவுத் தாதி அவளின் கொப்பியைப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டார். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் லேபிளில் கார்போஹைட்ரேட் என்று போடுவது நாரை ஏற்கெனவே நீக்கிய கணக்கு. நார் அதற்குக் கீழே தனி வரி. ஒரு துண்டுப் பாணில் கார்போஹைட்ரேட் 17 கிராம், நார் 3 கிராம் என்றால் அந்த 17-ம் முழுதாக எண்ணவேண்டியது. இவள் 14 என்று எழுதியிருந்தாள். இரண்டு துண்டில் 6 கிராம் குறைந்துவிட்டது. பீன்ஸையும் சேர்த்தால் இன்னும் கூட. சின்னப் பிள்ளைக்கு அது பெரிய வித்தியாசம். ஊர் மாறினால் லேபிளின் கணக்கும் மாறும் என்று விமான நிலையத்தில் யார் சொல்லப்போகிறார்கள்?

எடிசன்வாசி, நியூஜெர்சி

அக்கா சொல்வது சரி. இங்கே மொத்தக் கார்போஹைட்ரேட்டுக்குள் நாரும் அடக்கம். அதனால்தான் நார் வரியைச் சற்று உள்தள்ளி அச்சிடுகிறார்கள். கனடாவிலும் அப்படியே. ஆனால் முன்பக்கத்தில் பெரிதாகப் போடும் "நெட் கார்ப்" என்பதற்கு அமெரிக்க அரசின் விளக்கம் எதுவும் கிடையாது. நிறுவனங்கள் தாங்களே நார் போன்றவற்றைக் கழித்துப் போட்டுக்கொள்வது. எங்கள் வீட்டில் சப்பாத்திக்குப் பதிலாக அப்படி ஒரு டார்ட்டிலா வாங்கினோம். ருசியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

ஆய்வகத்தான், சென்னை

உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் ஒரு குறுக்குவழி சொல்கிறேன். கார்போஹைட்ரேட்டைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. 100-லிருந்து ஈரம், புரதம், கொழுப்பு, சாம்பல் (எரித்தபின் மிஞ்சும் தாது உப்புகள்) ஆகியவற்றைக் கழித்து மிஞ்சுவதுதான் அது. நாரையும் கழித்தார்களா இல்லையா என்பதில்தான் குழப்பமே. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் நாரையும் கழித்திருக்கிறார்கள். கோதுமை மாவைப் பாருங்கள்: ஈரம் 11.1, புரதம் 10.6, சாம்பல் 1.3, கொழுப்பு 1.5, நார் 11.4, கார்போஹைட்ரேட் 64.2. கூட்டினால் ஏறக்குறைய 100 வருகிறது.

நம் ஊர் பாக்கெட்டில் இரண்டில் எது என்று தெரியாவிட்டால் நீங்களும் கூட்டிப் பாருங்கள். ஓட்ஸ் பாக்கெட் ஒன்றில் புரதம் 12, கொழுப்பு 9, கார்போஹைட்ரேட் 68, நார் 10 என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்த்தால் 99. ஈரத்துக்கும் சாம்பலுக்கும் ஒரே ஒரு கிராம்தான் மிச்சம். உலர்ந்த தானியத்தில்கூட பத்து கிராம் அளவுக்கு ஈரம் இருக்கும். ஆகவே நார் அந்த 68-க்குள்ளேயே இருக்கிறது. பிஸ்கட், ரஸ்க் போன்றவற்றில் ஈரம் மிகக் குறைவு என்பதால் இந்தச் சோதனை அங்கே துல்லியமாக எடுபடாது. இன்சுலின் போடுபவர்கள் இதை மட்டும் நம்பாமல் மருத்துவமனையில் சொல்லித்தரும் முறையையே பின்பற்றவும்.

வைகைக்கரை, மதுரை

நன்றி தம்பி. கையில் ஒரு சிறுதானியச் சேமியா பாக்கெட் இருக்கிறது. புரதம் 10, கொழுப்பு 2, கார்போஹைட்ரேட் 78, நார் 9. கூட்டினால் 99. அப்படியானால் 78-க்குள்தான் 9, இல்லையா?

ஆய்வகத்தான், சென்னை

ஆமாம் ஐயா, மீதி 69. ஆனால் அது வேகவைப்பதற்கு முந்தைய எடைக்கு. தோசை மாவுக்குச் செய்தது போலவே வேகும் முன்பே எடை போட்டுவிடுங்கள்.