செலவு ஒதுக்கீடா, செலவுப் பிரிப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

என் மின்சாரக் கட்டுரைக்கான தமிழ்ச் சொற்களைப் பற்றி நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் முதல் சொல் 'டிரான்ஸ்மிஷன் காஸ்ட் அலொகேஷன்', அதாவது மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டுவரும் உயரழுத்தப் பாதைகளின் செலவில் யார் எவ்வளவு கட்டுவது என்பது. அதற்குத் 'தொடரமைப்புச் செலவு ஒதுக்கீடு' என்றே வைத்துக்கொள்ளலாம், அகராதிக்கு அது ஒத்துவருகிறது என்று குழுவின் ஐயா நேற்று எழுதியிருந்தார். 'தொடரமைப்பு' சரி. தமிழ்நாட்டில் மின் தொடரமைப்புக் கழகத்தின் பெயரிலேயே இருக்கிறது, எல்லோருக்கும் பழகிவிட்டது. 'ஒதுக்கீடு'தான் எனக்கு உறுத்துகிறது.

இட ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு, வீட்டுமனை ஒதுக்கீடு. எல்லாமே நம் கைக்கு வருவது. 'புதிய மின்பாதைக்காகத் தமிழ்நாட்டுக்கு இவ்வளவு கோடி ஒதுக்கீடு' என்று தலைப்புப் போட்டால், டெல்லியிலிருந்து பணம் வருகிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். சொல்ல வந்ததோ தமிழ்நாடு அவ்வளவு கோடி கட்ட வேண்டும் என்பது. பொருளைத் தலைகீழாகக் காட்டும் சொல்லை எப்படி வைத்துக்கொள்வது?

'பகிர்வு' நல்ல சொல். ஆனால் 'பகிர்மானம்' ஏற்கெனவே டிஸ்ட்ரிபியூஷனுக்கு, அதாவது ஊருக்குள் வீடு வீடாக மின்சாரம் கொடுப்பதற்கு, போய்விட்டது. 'தொடரமைப்புச் செலவுப் பகிர்வு' என்று ஒரு வரியிலும் 'பகிர்மானச் செலவு' என்று அடுத்த வரியிலும் எழுதினால், 400 கிலோவோல்ட் கோபுரமும் தெருமுனை டிரான்ஸ்பார்மரும் குழம்பிப்போகும். 'பங்கீடு' என்றால் ரேஷன் கடை நினைவுக்கு வருகிறது.

என் விருப்பம் 'செலவுப் பிரிப்பு'. வேன் வாடகையைப் பிரித்துக்கொள்ளலாம், கல்யாணச் செலவை இரண்டு வீட்டாரும் பிரித்துக்கொள்ளலாம் என்று நாம் சொல்கிறோமே, அதே சொல். கேட்டதுமே 'சரி, எப்படிப் பிரிப்பது?' என்ற கேள்வி கூடவே வருகிறது. புதுப்பிக்கத்தக்க மின்சார விஷயத்தில் நாடு முழுவதும் நடக்கும் சண்டையே அந்த 'எப்படி'யைப் பற்றியதுதான்.

கரூர்ப் பக்கம் என் மாமா தோட்டத்துக்கு அருகே ஒரு கோபுரம் நிற்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் 800 கிலோவோல்ட் நேர்மின் (டிசி) பாதை அது. 6,000 மெகாவாட் கொண்டுவரலாம். கோபுரக் கால்களுக்கு நடுவே உழவு ஓட்ட முடியவில்லை, களையை மண்வெட்டியால்தான் எடுக்கிறார்கள். மாமா ஒருநாள் கேட்டார்: 'ஏப்பா, இந்தக் கம்பி யாருக்காக வந்தது? காசு யார் கட்டுறாங்க?' இரண்டும் வேறு வேறு கேள்வி என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வடக்கிலிருந்து மின்சாரம் கொண்டுவரப் போட்ட பாதை. ஆனால் காற்றுப் பருவத்தில் தெற்கில் மிஞ்சும் காற்றாலை மின்சாரத்தை வடக்கே அனுப்பவும் முடியும். அப்படியானால் பயனாளி யார்? இதை நாட்டுக்கே பொதுவான சொத்தாக அறிவியுங்கள், செலவை எல்லா மாநிலங்களுக்கும் பிரியுங்கள் என்று தமிழ்நாடு கேட்டது அதனால்தான்.

பிரிக்கும் முறைகளுக்கும் பெயர் வேண்டும். தூரம் பார்க்காமல், எடுக்கும் அளவுக்கு எல்லோரிடமும் ஒரே வீதம் வாங்குவதை ஆங்கிலத்தில் 'போஸ்டேஜ் ஸ்டாம்ப்' முறை என்கிறார்கள். நாட்டின் எல்லைக்குள் அடுத்த தெருவுக்கானாலும் ஆயிரம் மைலுக்கானாலும் கடிதத்துக்கு ஒரே தபால்தலை ஒட்டுகிற மாதிரி. இதற்கு நான் 'தலைக்கட்டு முறை' என்று எழுதியிருந்தேன். கோயில் கொடைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பதை மனதில் வைத்துச் சொன்னது. மதுரை நண்பர் அதை மறுத்தது சரியே. தலைக்கட்டு வரியில் பெரிய வீடும் சின்ன வீடும் ஒரே தொகை கொடுக்கும். இங்கே வீதம்தான் ஒன்று, தொகை எடுக்கும் அளவைப் பொறுத்தது. ஆகவே அதை விட்டுவிட்டு 'சமவீதப் பிரிப்பு' என்று வைப்போம்.

டெக்சஸ் செய்தது இதைத்தான். மேற்கே காற்று, கிழக்கே டல்லஸும் ஹூஸ்டனும். 2005-இல் சட்டம் போட்டு, ஏறக்குறைய 700 கோடி டாலர் செலவில் 5,800 கிலோமீட்டர் அளவுக்குப் பாதை போட்டார்கள். அந்தச் செலவை அந்த மின்கட்டமைப்பின் நுகர்வோர் அனைவர் மீதும் பிரித்தார்கள். காற்றாலை வந்தால்தான் பாதை, பாதை வந்தால்தான் காற்றாலை என்ற இழுபறி அத்தோடு தீர்ந்தது.

பயன்பெறுகிறவரே கட்டும் 'பெனிஃபிஷியரி பேஸ்' முறைக்கு 'ஆயக்கட்டுப் பிரிப்பு' என்ற பரிந்துரையில் உறுதியாக இருக்கிறேன். ஆயக்கட்டு என்றால் ஓர் ஏரியின் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு. ஏரியின் கரையையும் மதகையும் யார் பராமரிப்பது? அந்தத் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்கள். யாருக்கு எவ்வளவு நிலமோ அவ்வளவு பங்கு. தண்ணீரும் மின்சாரமும் ஒப்பந்தத்தைப் பார்த்து ஓடுவதில்லை, வழி இருக்கிற பக்கம்தான் ஓடும். 'ஆயக்கட்டு நீர்ப்பாசனச் சொல்லாயிற்றே' என்று நம் குழுவின் அம்மா கேட்டிருந்தார். ஆமாம், அந்த ஒப்புமைதான் இங்கே வேண்டும். ஒரே வேறுபாடு, ஏரியின் ஆயக்கட்டு கிராமக் கணக்கில் எழுதியிருக்கும், மின்பாதையின் ஆயக்கட்டை மாதாமாதம் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2020 விதிகளில் இரண்டு முறையும் இருக்கின்றன. சூரிய, காற்று மின்சாரத்துக்கென்றே போட்ட பாதைகளின் செலவு நாடு முழுவதற்கும். நீண்ட நேர்மின் பாதைகளின் செலவில் ஒரு பகுதி நாட்டுக்கு, மீதி அந்த மண்டலத்துக்கு. மாறுமின் (ஏசி) பாதைகளின் செலவில் ஒரு பங்கு பயன்பாட்டுக் கணக்கின்படி. மாநிலத்துக்குள் போட்ட பசுமை மின் வழித்தடத்தின் முதல் கட்டத்திலோ 40 சதவீதம் மத்திய மானியம், 40 சதவீதம் ஜெர்மன் வங்கிக் கடன், 20 சதவீதம் மாநிலத்தின் பணம். அதையும் செலவுப் பிரிப்பு என்றே சொல்லலாம், அங்கே வரிப்பணமும் ஒரு பங்காளி.

அப்புறம், 'வெய்வர்'. 2025 ஜூன் 30-க்குள் உற்பத்தியைத் தொடங்கிய சூரிய, காற்று நிலையங்களின் மின்சாரத்துக்கு மாநிலங்களுக்கு இடையேயான தொடரமைப்புக் கட்டணம் கிடையாது. அதன்பின் தொடங்கும் நிலையங்களுக்கு ஆண்டுக்கு 25 சதவீதமாகச் சலுகை குறைகிறது. இதை எல்லோரும் 'கட்டண விலக்கு' என்று எழுதுகிறோம். கோபுரத்துக்கான செலவை யாரும் விலக்கவில்லை. ராஜஸ்தான் சூரிய மின்சாரத்தை வாங்குகிறவர் கட்டாத பணம், மற்றவர் பில்லில் ஏறுகிறது. 'கட்டண மாற்றம்' என்றால் விலையேற்றம் என்று படிப்பார்கள். 'கட்டணப் பெயர்ப்பு' என்று ஒன்று தோன்றுகிறது. சுமையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் பெயர்ப்பது என்ற பொருளில். முதல் தடவை 'விலக்கு' என்றும் எழுதி, பக்கத்திலேயே இதை விளக்கிவிடலாம் என்று இருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

'வீலிங்'குக்குத்தான் இன்னும் எனக்குச் சொல் அகப்படவில்லை. கயத்தாறில் காற்றாலை, கோவையில் மில் என்று வைத்திருப்பவர்கள் வாய்க்கு வாய் 'வீலிங்' என்றுதான் சொல்கிறார்கள். 'சுழற்சி' என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன், அங்கே எதுவும் சுழலவில்லை. அடுத்தவர் கம்பி வழியாக நம் மின்சாரத்தைக் கொண்டுபோகக் கொடுக்கும் கூலி அது. பழைய ஆயத்துறைச் (சுங்கம் வாங்கும் துறை) சொற்கள் தெரிந்தவர்கள் யாராவது உதவுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும்.