மறு: ஒளியாண்டுக்கு வேறு சொல் வேண்டுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளி ஓர் ஆண்டில் போகிற தூரத்தைக் குறிக்கும் "ஒளியாண்டு" என்ற சொல்லை மாற்றலாமா என்கிற இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், பதில் எழுத இன்றுதான் வாய்த்தது.

> "ஆண்டு" என்று முடிவதால் எல்லோரும் காலம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பேசாமல் "ஒளித்தொலைவு" என்று மாற்றிவிடலாம்.

நோயைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள் ஐயா. மருந்துதான் எனக்கு ஒப்பவில்லை. போன வாரம் ஒரு விழாவில் "பல ஒளியாண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர்கள்..." என்று ஒருவர் முழங்கினார். கூட்டத்தோடு கூட்டமாக நானும் கைதட்டிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் ஒளித்தொலைவு என்றால் ஒளி எவ்வளவு நேரம் போன தொலைவு? சூரியன் நமக்கு 8 ஒளிநிமிடத்துக்குச் சற்று அப்பால் இருக்கிறது. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், இத்தனை காலம் ஓடியும் ஏறக்குறைய ஒரு ஒளிநாள் தூரத்தில்தான் இருக்கிறது. நிமிடம், நாள், ஆண்டு என்று மாற்றிப் போடச் சொல்லுக்குள் இடம் வேண்டாமா?

> "ஒளிக்காதம்" எப்படி?

காதுக்கு இனிமைதான். ஆனால் காதம் என்றால் சுமார் பத்து மைல் என்று ஏற்கெனவே ஓர் அளவு இருக்கிறதே. மறுபடி குழப்பம்.

காலத்தைச் சொல்லித் தூரத்தை உணர்த்துவது தமிழுக்குப் புதிதில்லை என்பதை யாரும் சொல்லவில்லையே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். என் தாத்தா கிலோமீட்டர் சொல்லி நான் கேட்டதில்லை. "சந்தை இங்கிருந்து மூணு நாழிகை வழி" என்பார். ஒரு நாழிகை 24 நிமிடம். அந்த நேரத்தில் ஆள் நடந்து கடக்கிற தூரம் ஒரு நாழிகை வழி, இரண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும். கேட்டவர் யாரும் "வழி எப்படி நாழிகையாகும்?" என்று குழம்பவில்லை. நடக்கிற ஆளுக்குப் பதிலாக, நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிற ஒளியை வைத்தால் ஒளியாண்டு வந்துவிடுகிறது. ஒளி ஓர் ஆண்டில் போகிற வழி, 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

அப்படியானால் "ஒளியாண்டு வழி" என்றே வைத்துவிடலாமா? நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் எழுதி எழுதிப் பார்த்தேன். "விண்மீனின் தொலைவை ஒளியாண்டு வழி சொல்கிறோம்" என்றால் "வழி" வேறு வேலை செய்யக் கிளம்பிவிடுகிறது. நம் சூரியன் இருக்கும் விண்மீன் கூட்டமான பால்வழியின் பெயர் பக்கத்தில் வந்தாலோ கேட்கவே வேண்டாம். ஆசையாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன்.

சொல்லில் கோளாறில்லை, அதைப் புழங்குகிற விதத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன். பூக்காரம்மாவிடம் "நாலு முழம் குடும்மா" என்போம், "நாலு முழங்கள்" என்று யாராவது கேட்பார்களா? அளவைப் பெயருக்குக் "கள்" ஒட்டாது. "ஒளியாண்டுகள்" என்று எழுதும்போதுதான் "ஆண்டுகள்" என்கிற பழகிய உருவம் கண்ணில் பட்டு, பின்னாலேயே "முன்பு" வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆகவே "கள்" வேண்டாம், முதல் தடவை வரும்போது "தொலைவு" சேர்த்து எழுதுவோம்: "சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா செண்டாரி, 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது." இதில் காலம் நுழைய முடிகிறதா பாருங்கள்.

> காலமும் அதில் இருக்கத்தானே செய்கிறது? ஆண்ட்ரோமெடாவின் பழைய ஒளியைத்தானே பார்க்கிறோம்?

உண்மைதான் அண்ணா. ஆண்ட்ரோமெடா பால்வழிக்கு வெளியே இருக்கும் இன்னொரு பெரிய விண்மீன் கூட்டம்; அதிலிருந்து இன்று கண்ணில் படுவது 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி. ஆனால் 25 லட்சம் ஒளியாண்டு என்பது தூரம், 25 லட்சம் ஆண்டு என்பது அந்த ஒளியின் வயது. பாடத்தில் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வைத்தாலே போதும்.

இந்த இழையில் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு சண்டை, பால்வழி, ஆண்ட்ரோமெடா மாதிரியான மாபெரும் விண்மீன் கூட்டத்துக்கு (ஆங்கிலத்தில் கேலக்ஸி) எந்தச் சொல் என்பது: "மண்டலம்" எதிர் "பேரடை". இதுவரை நான் மண்டலம் கட்சி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குப் போட்டுக் காட்டப்போய்க் கட்சி மாறிவிட்டேன். ஒரு ஒளியாண்டை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். பிராக்சிமா 4 மில்லிமீட்டர் தள்ளி, ஒரு மிளகு அகலத்தில். பால்வழியின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு, ஆக 100 மீட்டர், எங்கள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. அதன் வட்டின் தடிமன் சுமார் 1,000 ஒளியாண்டு, அதாவது ஒரு மீட்டர். நடுவிலிருந்து 26 மீட்டரில் நாம். ஆண்ட்ரோமெடா எங்கே என்று பிள்ளை கேட்டான். இரண்டரைக் கிலோமீட்டர். தாத்தா இருந்திருந்தால் "ஒரு நாழிகை வழிதானே, போய்ட்டு வந்துடலாம்" என்றிருப்பார்!

அப்புறம் சூரிய மண்டலம் எவ்வளவு பெரிசு என்றான். நெப்டியூன் சுற்றுப்பாதை முழுதையும் எடுத்தாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வரும், கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாததும் மண்டலம், தெரு நீளத்துக்குக் கிடப்பதும் மண்டலம் என்றால் பிள்ளை எதை நினைப்பான்? என் வாக்கு "விண்மீன் பேரடை"க்கு. "திரள்" என்றாலும் சரி, மண்டலம் மட்டும் சூரியனோடு இருக்கட்டும்.

நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க நான் முன்வைக்கும் வரி:

ஒளியாண்டு (பெ.) - தொலைவு அளவை. வெற்றிடத்தில் ஒளி ஓர் ஆண்டில் செல்லும் தூரம். பன்மையில் "கள்" சேராது. ஒப்பு: நாழிகை வழி.

வானியலின் இன்னொரு தொலைவு அளவையான பார்செக்கை "புடைநொடி" என்கிறார்கள். 3.26 ஒளியாண்டு அது. அதிலுள்ள நொடி கோணத்தின் நொடி, கடிகாரத்தின் நொடி இல்லை. ஆக, ஆண்டை ஒருவழியாகச் சமாளித்தோம், நொடி வந்து நிற்கிறது. அதற்கு யாராவது தனி இழை தொடங்குங்கள், இதிலேயே போட்டால் நாளை எதையும் தேடிப் பிடிக்க முடியாது.