இயற்பியல் பிஎச்டி: ஏப்ரல் 15 வரை காத்திருக்கலாமா?

வணக்கம். அமெரிக்காவில் இயற்பியல் பிஎச்டிக்கு ஒன்பது இடங்களில் விண்ணப்பித்தேன். ஆறு இடங்களில் மறுப்பு, ஒன்றில் அனுமதி, ஒன்றில் காத்திருப்புப் பட்டியல், இன்னொன்றிலிருந்து பதிலே இல்லை. அனுமதிக் கடிதத்தை அன்று இரவு நான்கு முறை படித்தேன். மறுநாள் காலையிலேயே "வருந்துகிறோம்" என்று வேறொன்று வந்தது.

அனுமதி கிடைத்த துறையில் திடநிலை இயற்பியல்தான் வலு. என் மனமோ குவாண்டம் ஒளியியலில். முதுகலை ஆய்வின்போது லேசர் கற்றையைக் கண்ணாடி இழைக்குள் சரியாகச் செலுத்தவே மூன்று வாரம் ஆனது. அந்த வேலை அவ்வளவு பிடித்துவிட்டது. என்னைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருப்பது அப்படிப்பட்ட வேலை செய்யும் குழுதான்.

அனுமதி தந்த இடத்துக்கு ஏப்ரல் 15க்குள் முடிவு சொல்ல வேண்டும். காத்திருப்பில் வைத்த குழுவின் பேராசிரியருக்கே நேரடியாக எழுதலாமா, சேர்க்கைக் குழுவிடம்தான் கேட்க வேண்டுமா? கடைசி நாள் வரை பொறுத்திருந்து இடம் பெற்றவர்கள் இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள்.