இரண்டரை வயதுக் குதிரைக்குட்டி: எப்போது ஏறலாம்?

கல்குடாக்காரன் (மாசி)

வணக்கம். நான் கல்குடாவில் இருக்கிறேன். போன கார்த்திகையில் கடன் பட்டு ஒரு பெண் குதிரைக்குட்டி வாங்கினேன். பெயர் முத்து. தாய் கடற்கரையில் சுற்றுலாக்காரரை ஏற்றித் திரிந்த குதிரை. விற்றவர் "மூன்று வயசு, நாளைக்கே ஏறலாம்" என்றார். மிருக வைத்தியர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, நடுப் பாற்பல் இரண்டும் இப்போதுதான் விழுந்து புதுப்பல் வருகிறது, இரண்டரைதான் இருக்கும் என்றார்.

கயிறு பிடித்து நடத்தினால் வளவுக்குள் நன்றாக வருகிறாள். மீன்வாடிப் பக்கம் போனதும் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடுகிறாள். நான் இழுக்க அவளும் பின்னால் இழுக்கிறாள். ஒருநாள் கயிறு உள்ளங்கையைச் சுட்டு உரித்துவிட்டது. இன்னொரு நாள் வாடைக்காற்றில் ஒரு பொலித்தீன் பை பறந்து வர, பாய்ந்து என் காலில் மிதித்தாள்.

இனிச் சொல்வதுதான் மனதை அரிக்கிறது. தை மாதம் முதுகில் சாக்கைப் போட்டு, மச்சான் பிடித்துக்கொள்ள நான் ஏறி இருந்தேன். அசையவே இல்லை. நல்ல குணம் என்று சந்தோசப்பட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் சாக்கைக் கண்டதும் வேலி ஓரமாக ஓடிப்போய் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

சித்திரை பிறந்தால் பாசிக்குடாக் கடற்கரையில் கடல் அடங்கிச் சுற்றுலாச் சனம் வரத் தொடங்கிவிடும். அதற்குள் ஏறிப் பழக்கலாமா? என் நிறை 64 கிலோ. பிள்ளையைப் போல வளர்க்கிறேன், நானே கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

ஏறாவூர் நானா

தம்பி, கெட்டுப்போகவில்லை. ஆனால் இந்தச் சித்திரையை மறந்துவிடுங்கள். கட்டாரில் குதிரை லாயங்களில் 11 வருடம் வேலை செய்தவன் நான். பந்தயக் குட்டிகளுக்கு இரண்டு வயதிலேயே ஆள் ஏறுவார்கள். கால் வீங்கி நின்ற எத்தனையோ குட்டிகளுக்கு இந்தக் கையால் ஐஸ் கட்டியிருக்கிறேன். குதிரையின் முதுகெலும்பு முற்ற 5 வயதும் தாண்டும். முத்துவுக்கு நாலு வயதாகட்டும், அப்போதும் மெலிந்த ஆள் பத்து நிமிடம்.

சாக்கோடு அசையாமல் நின்றாளே, அது பயத்தில் உறைந்த நிலை. அமைதியான குதிரை தலையைத் தாழ்த்தும், வாயை மெல்லும், நீளமாக மூச்சு விடும், ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்கும். இது எதையும் காணாவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

முதலில் கயிறு. கையில் ஒருபோதும் சுற்றிப் பிடிக்காதீர்கள், விரல் போய்விடும். நிற்கிற குதிரையை நேரே இழுத்தால் உங்களை விட அவளுக்குத்தான் பலம். தோளுக்குப் பக்கத்தில் நின்று கயிற்றைக் கொஞ்சம் இறுக்குங்கள், அதற்கு மேல் இழுக்க வேண்டாம், அப்படியே பிடித்திருங்கள். அவள் ஒரு விரல் அளவு முன்னால் சாய்ந்தாலும் அந்தக் கணமே தளர்த்துங்கள். குதிரை படிப்பது அந்தத் தளர்வில்தான். பிந்தித் தளர்த்தினால், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாளோ அதுதான் சரி என்று எடுத்துக்கொள்வாள்.

இதே முறையில் நிற்க, பின்னால் ஓரடி வைக்க, விலாவில் விரல் வைத்தால் பின்பக்கத்தைத் திருப்ப, எல்லாவற்றையும் தரையில் நின்றே படிப்பியுங்கள். இடப்பக்கம் படித்ததை வலப்பக்கம் புதிதாகப் படிப்பிக்க வேண்டும். ஒரு பக்கம் பழகியதும் மற்றப் பக்கத்திலிருந்து வந்தால் புதுசு போல இருக்கலாம். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அவளுக்குத் தெரியாத இடம், அங்கே இருந்து வந்து தொடாதீர்கள். காலையில் 15 நிமிடம் போதும். நன்றாகச் செய்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

பைக்கு ஒரு வழி: தடி நுனியில் கட்டி, மச்சானை அதைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் தூரமாக நடந்து போகச் சொல்லுங்கள். நீங்கள் அவளோடு பின்னால் போங்கள். தன்னை விட்டு விலகிப் போகிற சாமானைக் கண்டால் குதிரைக்குப் பயம் குறையும், கொஞ்சத்தில் அதுவே எட்டி மணக்கப் பார்க்கும். சாக்கையும் அப்படியே முதலிலிருந்து தொடங்குங்கள். மணக்க விடுங்கள், தோளில் ஒருதரம் தடவுங்கள், அவள் விலகுவதற்கு முன் நீங்களே எடுத்துவிடுங்கள்.

பல் விழுகிற காலம், வாயில் இரும்புக் கடிவாளம் வேண்டவே வேண்டாம். தலைக்கயிறே காணும்.

படுவான்கரை வண்டில்

குதிரை எனக்குத் தெரியாது, மாடுதான் பழக்கியிருக்கிறேன். எங்கள் பக்கம் நாம்பனை, அதாவது இளங்காளையை, பழக்கும்போது நன்றாகப் பழகின கிழட்டு மாட்டோடு சோடி சேர்ப்போம். அது பதறாவிட்டால் இதுவும் பதறாது. முதலில் வெறும் நுகம், மறுகா ஒரு மரக்கட்டை இழுக்க விடுவோம், அதற்குப் பிறகுதான் வெறும் வண்டில். பின்னால் கேட்கிற சத்தத்துக்குத்தான் கன்று அதிகம் வெருளும்.

தம்பிக்கு 64 கிலோ என்றால் அந்தச் சின்னக் குதிரை எப்போதாவது தாங்குமா? முதுகில் ஏற்றுவதை விட வண்டில் பழக்கலாமே.

ஏறாவூர் நானா

அண்ணன் சொல்வது மிகச் சரி. குதிரையிலும் அதே ஒழுங்குதான். இரண்டு நீளக் கயிறு போட்டு, உதை எட்டாத தூரத்தில் பின்னால் நடந்து ஓட்டுவோம். ஏறப்போகிற குதிரைக்கும் அது நல்லது, ஆள் ஏற முன்னமே திரும்பவும் நிற்கவும் தெரிந்திருக்கும். கட்டை இழுக்க விட முன், வேறு ஆள் ஒரு பழைய ரயரை அவளுக்குப் பக்கவாட்டில் இழுத்துத் திரியட்டும். சத்தம் பழகாமல் அவளில் கட்டக் கூடாது.

மட்டக்களப்பு கால்நடை

நான் கால்நடை வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். தராசு இல்லாமலே நிறை பார்க்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளம், இரண்டையும் சென்ரிமீற்றரில் எடுங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் பிரித்தால் கிலோ கிட்டத்தட்ட வரும். வளர்ந்த குதிரை, சேணத்தோடு சேர்த்துத் தன் நிறையில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை சுமக்கலாம். நிறை குறைந்த ஆள் வேண்டும் என்று வீட்டுச் சின்னப் பிள்ளையை ஏற்றிவிடாதீர்கள், பழகாத குதிரைக்கும் பிள்ளைக்கும் சரிவராது.

நீங்கள் கேட்காத ஒன்று. கல்குடா மணலில் தீனியைக் கொட்டி வைக்கிறீர்களா? புல்லோடு மணலும் குடலுக்குள் போய்த் தங்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஐந்தாறு சாண உருண்டையை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டு அடியைத் தடவிப் பாருங்கள். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, நிலத்தைக் கிண்டுவது, உருளுவது, இதில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இருக்காமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் போட்டிருக்க வேண்டும். ஆணி ஏறிய ஒரு சின்னக் காயம் போதும், குதிரை அதில் போய்விடும்.

கல்குடாக்காரன் (சித்திரை)

எல்லோருக்கும் நன்றி. அன்றைக்கே வாளியில் பார்த்தேன், அடியில் ஒரு பிடி மணல் இருந்தது. இப்போது சீமெந்துத் தரையில் பழைய மீன்பெட்டி வைத்து அதற்குள்தான் தீனி. வைத்தியர் மருந்தும் தந்தார், ஏற்பு ஊசியும் போட்டாயிற்று.

சுற்றளவு 140, நீளம் 125. கணக்குப் பார்த்தால் 206 கிலோ. நூற்றுக்கு 20 என்றாலும் 41தான், அதுவும் வளர்ந்த குதிரைக்கு. தை மாதம் நான் 64 கிலோவோடு ஏறி இருந்ததை நினைத்து அன்று இரவு நித்திரை வரவில்லை.

இந்த முறை கடற்கரைத் தொழில் இல்லை. மச்சானோடு தோணிக்குப் போகிறேன், கடனை அதில் கட்டலாம். விடியக்காலை முத்துவுக்கு 15 நிமிடம். பையை எட்டாம் நாள் மூக்கால் தொட்டாள். போன வெள்ளி வாடிக்கு முன்னால் நின்றாள். நானும் கயிறை மெல்லப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கனநேரத்துக்குப் பிறகு முன்னங்கால் ஒன்றை எடுத்து வைத்தாள். உடனே விட்டேன். மூன்றாம் தரம் வாடியைத் தாண்டி அந்தப் பக்கம் வந்துவிட்டோம்.

வலது பின்னங்காலை மட்டும் தூக்க விடுகிறாள் இல்லை, பறிக்கிறாள். அதற்கு என்ன செய்வது நானா?

ஏறாவூர் நானா

பிட்டத்திலிருந்து கீழே தடவிக்கொண்டே போங்கள், கையை எடுக்காதீர்கள். காலை நிலத்திலிருந்து ஒரு சாண் எடுத்ததும், பறிக்க முன் நீங்களே மெதுவாகக் கீழே வையுங்கள். நாளைக்கு ஒரு விநாடி, அடுத்த கிழமை ஐந்து விநாடி. இதற்குள் பறித்தால் நீங்கள் அளவுக்கு மிஞ்சிப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள்.