நீராவியோடு தண்ணீரும் வருகிறது, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ரங்கூன் லைங்தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் பாய்லர், கம்ப்ரசர், ஜெனரேட்டர் மூன்றையும் பார்த்துக்கொள்கிறேன். ஒரு மாதமாக இஸ்திரிப் பெட்டிகளில் நீராவியோடு தண்ணீரும் தெறிக்கிறது.

பாய்லர் 7 பாரில் ஓடுகிறது, நீராவி 170 டிகிரி. காலையில் எல்லா மேசையும் ஒன்றாகத் திறந்தால் அழுத்தம் 5க்கு இறங்கி, கண்ணாடிக்குழாயில் நீர்மட்டம் குதிக்கிறது. ஸ்டீம் ட்ராப்களை (நீராவியை விடாமல், குழாயில் தேங்கும் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வுகள்) கழற்றிப் பார்த்துவிட்டேன், பழுதில்லை. பாய்லருக்கு விடுவது ஆழ்துளைக் கிணற்று நீர்தான். உப்பு ஏறிப் பொங்குகிறதோ? ப்ளோடவுன் (உப்பேறிய பாய்லர் நீரைத் திறந்து வெளியேற்றுவது) அதிகம் விட்டால் டீசல் வீணாகும் என்கிறார் மேனேஜர். மின்வெட்டுக்கே டீசல் எரிகிறது, அவர் கவலையும் நியாயம்தான். ஆனால் இஸ்திரி போடும் அக்காமார் கையில் கொதிநீர் படுகிறதே, அதைப் பார்க்க முடியவில்லை.

பாய்லருக்குள் டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு வைக்கிறீர்கள்? மெயின் லைனில் செப்பரேட்டர் (நீராவியிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் கருவி) போட்டுப் பலன் கண்டவர்கள் உண்டா? அனுபவமுள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.